பொரி தின்னாத மீன்கள்

வேங்கிக்காலில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் வேணு சாதுவானவர். பௌர்ணமிப் பேச்சை மட்டும் அவரிடம் யாரும் எடுப்பதில்லை.

அவருடைய பெருமை, நியான் டெட்ரா. தென்னமெரிக்கக் காட்டு ஓடைகளில் வாழும் அந்த மீன், ஒரு வேப்பிலையின் நீளங்கூட இராது. உடலில் ஓடும் நீலக்கோடு விளக்கைப்போல ஒளிரும். அதற்கு உப்பில்லாத நீர் வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரோ, குடத்தின் உட்புறமெல்லாம் வெள்ளையாகப் படிவது. ஆகவே வேணு மழைநீரைச் சேர்த்து, முட்டைகளைத் தாய்மீனே தின்றுவிடாமல் காத்து, பலமுறை தோற்றபின் ஒரு கூட்டத்தை வளர்த்தெடுத்தார். அடுத்த தலைமுறை அவற்றிலிருந்துதான் வரவேண்டும்.

கடையில் பெரிய தொட்டி இல்லை. கிரிவலப் பாதையிலுள்ள விடுதியின் வரவேற்பறையில் ஒன்று இருந்தது. மேலாளர் அருணகிரி கெஞ்சிக் கேட்டதால், அதில் மழைநீரை நிரப்பி மீன்களை விட்டார். பௌர்ணமிக்கு வந்து தங்கியவர்கள், கோயில் குளத்து மீன்களுக்கு வாங்கிய பொரியில் மிஞ்சியதை அத்தொட்டியில் கொட்டிக் கைகூப்பினார்கள். பொரி ஊறி அழுகியது. மறுநாள் சில மீன்கள் செத்து மிதந்தன.

வேணு நீரை மாற்றிப் பலகை மாட்டினார்: ‘மீன்களுக்குப் பொரி போடக் கூடாது.’ ஓர் ஒற்றில்கூடப் பிழையில்லை. அடுத்த பௌர்ணமிக்கு அவரே காவல் நின்றார். அவர் கண்ணெதிரிலேயே ஓர் அம்மையார் பொட்டுக்கடலையைத் தூவினார்.

“ஏம்மா, போர்டு வெச்சிருக்கே, படிக்கலையா?”

“படிச்சேங்க. பொரினுதான் போட்டிருக்கு. இது பொட்டுக்கடலை.”

“ஐயோ, செத்துடும்மா!”

“வாயில்லா ஜீவனுக்குப் போட்டா புண்ணியங்க.”

“வாய் இருக்குதும்மா. கொசுப்புழு நுழையற அளவுக்குத்தான் இருக்குது!”

அருணகிரி இடையில் புகுந்தார். “விடுங்க வேணு. ‘எதுவும் போடாதீங்க’னு மாத்தி எழுதிடலாம்.”

“எழுதுங்க. பொங்கலைப் போட்டுட்டு, ‘இது பிரசாதமாச்சே’ம்பாங்க!”

வேணு வலையை எடுத்து, எஞ்சிய டெட்ராக்களைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் அந்தத் தொட்டியில் ஜிலேபிக் கெண்டைகளை விட்டார்.

“என்னங்க, குழம்பு மீனைக் கொண்டாந்து உட்டுட்டீங்க?”

“பொரி, கடலை, பொங்கல், எதைப் போட்டாலும் தின்னும். உங்க லாட்ஜுக்கு இதான் சரி.”

வீட்டுக்கு வந்த டெட்ராக்கள் நிறம் வெளுத்து மூலையில் ஒண்டிக் கிடந்தன. சில நாள்களில் நீலக்கோடு மீண்டது. வேணு நிம்மதியாக அமர்ந்தபோது, தொலைபேசியில் அருணகிரி அழைத்தார்.

“வேணு, கோச்சுக்காதீங்க. இந்த மீனு ஏன் மினுக்கலைனு கெஸ்ட்டுங்க கேக்கறாங்க…”