அமுதாவின் வகுப்பை வேவு பார்க்க மரக்காணம் போன கதை

பொறாமையால் பயணம் போனவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் போனேன். போன மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. திண்டிவனத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். என் தோழி அமுதா, மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அரசுப் பள்ளியில் அதே ஐந்தாம் வகுப்பு எடுக்கிறாள். ஆசிரியர் பயிற்சியில் இருவரும் ஒரே பெஞ்சு. என் நோட்டைப் படித்துத்தான் அவள் பாஸ் செய்தாள். இதைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது.

இந்த முறை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக நடக்கும் அடைவுத் தேர்வில் அவள் வகுப்பு என் வகுப்பைத் தாண்டிவிட்டது. தேர்வு முடிவை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளைக் கூப்பிடப் போவதாகப் பேச்சு. மூன்று வருடமாக நான் காத்திருக்கும் இடம் அது. அப்போது உத்தரவு இன்னும் வந்திருக்கவில்லை. பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்பது என் சந்தேகம். உறுதியானால் மேலிடத்தில் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன். அவளிடம் உப்பளம் பார்க்க வருவதாகச் சொன்னேன்.

திண்டிவனத்தில் காலை 6.10க்குப் பேருந்து. 35 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம், டிக்கெட் முப்பது ரூபாய். கிழக்கே போகிற வண்டி, வெயில் முகத்திலேயே அடிக்கும். முன் சீட்டு வேண்டாம். மரக்காணத்தில் டீ பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

ஆட்டோக்காரரிடம் அமுதா பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அவருடைய மகள் அவளிடம்தான் படிக்கிறாளாம்.

“தப்பாப் போட்டா திட்ட மாட்டாங்க மேடம். ஏன் அப்படிப் போட்டன்னு ஒக்கார வெச்சு கேப்பாங்க. எங்கள யாருனா அப்படிக் கேட்டிருந்தா நானும் எதுனா ஆயிருப்பேன்.”

நானும் டீச்சர்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

உப்பள வரப்பில் அமுதா நின்றிருந்தாள். கூடவே மோனிஷா, அவள் வகுப்பு மாணவி. மோனிஷாவின் அம்மா நீளக் கொம்பு மாட்டிய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார். பார்க்க அழகான இடம்தான். எனக்கு அழகு ஏறவில்லை.

நான் கேட்காமலே அமுதா தன் ரகசியத்தைச் சொன்னாள். மார்க்கை அவள் பிறகுதான் பார்ப்பாளாம். எந்தத் தப்பு விடையை எத்தனை பேர் எழுதினார்கள் என்பதுதான் முதலில். முந்தைய தேர்வில், கடல்நீரிலிருந்து உப்பு எடுக்கும் முறை எது என்று ஒரு கேள்வி. அவள் வகுப்பில் இருபத்தொரு பேர். பதினேழு பேர் ‘ஆவியாதல்’ என்று எழுதாமல் ‘படியவைத்தல்’ என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உப்பளத்துப் பிள்ளைகளுக்கே தெரியவில்லையா என்று. அமுதா சிரிக்காமல் பாத்தியைக் காட்டினாள். தண்ணீர் அப்படியே நின்றது. உப்பு அடியில் கிடந்தது. தினம் இதைப் பார்க்கிற பிள்ளை வேறென்ன எழுதும்? நானாக இருந்தால் ஆவியாதல் என்று நூறு தடவை எழுதச் சொல்லியிருப்பேன். அவள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் உப்பளத் தண்ணீரை ஊற்றிப் பள்ளி மதிலில் வைத்து, தினம் தண்ணீர் மட்டத்தில் கோடு போடச் சொன்னாளாம்.

மனப்பாடமா என்று சோதிக்க மோனிஷாவை மடக்கினேன். தண்ணீர் ஆவியாகிறது என்றால், இது மட்டும் ஏன் இன்னும் நிற்கிறது?

“புதுத் தண்ணி வுடுறாங்க டீச்சர். வுடாம இருந்தா காஞ்சிடும். நான் கோடு போட்டுப் பாத்தேன்.”

சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. பொறாமை இரண்டு மடங்கானது.

அமுதா வீட்டில் இட்லி சாப்பிடும்போது என் வகுப்பின் முடிவைக் கேட்டாள். செல்லில் திறந்து கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் ஒரு கேள்வியில் நின்றாள். நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு வேனில் ஆறு பேர், எத்தனை வேன் வேண்டும்? என் முப்பத்து மூன்று பேரில் இருபத்தெட்டுப் பேர் எட்டுக்குப் பதில் ஏழு என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்றேன்.

“இருபத்தெட்டு பேரும் ஒரே மாதிரியா கவனம் இல்லாம இருப்பாங்க? நீ என்னாடி சொல்லிக் குடுத்த?”

எனக்குத் தெரிந்துவிட்டது. வேகமாக விடை வரட்டும் என்று தேர்வுக்கு முன்னால் போர்டில் நானே எழுதிப்போட்டேன்: ஈவை எழுது, மீதியை விட்டுவிடு. பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள், நன்றாகவே. அமுதா என் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் உப்பளத்தில் இருங்கள். பத்துக்கு மேல் வெள்ளை உப்பின் வெளிச்சத்தில் கண் கூசும். தொப்பி, தண்ணீர் அவசியம், பக்கத்தில் கடை கிடையாது. வரப்பு வழுக்கும், தோல் செருப்பு வீணாகும். வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஆசிரியராக இருந்தால் உங்கள் வகுப்பின் முடிவையும் எடுத்துப் போய், யார் மேல் பொறாமையோ அவரிடமே காட்டுங்கள்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது, அமுதா பெயரில். வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. அன்று மதியம் என் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், வேன் மாதிரி சுண்ணாம்பில் ஐந்து கட்டம் போட்டேன். கட்டத்துக்கு ஆறு பேர் ஏறிக்கொள்ளச் சொன்னேன். மூன்று பேர் வெளியே நின்றார்கள். நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். மூவரில் ஒருத்தி, பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னாள்:

“நாங்க மீதி, டீச்சர். எங்கள வுட்டுடணும்.”