எரிமலை பார்க்காத பூகோள வாத்தியார்

பார்க்காத இடத்தைப் பார்த்த மாதிரிச் சொல்லிச் சம்பளம் வாங்குவதுதான் பூகோள வாத்தியார் வேலை. சக வாத்தியார்களே, சகாராவை நீங்களும் இப்படித்தான் கடந்திருப்பீர்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த அந்த அறுபதுகளில் எனக்கு வாய்த்த ஏக்கம் ஓர் எரிமலை. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்துமகா சமுத்திரத்தில் தனியாகக் கிடக்கும் ரீயூனியன் தீவில் இருக்கிறது. அதன் பெயருக்கு உலைச் சிகரம் என்று அர்த்தம்.

கவிழ்த்த கேடயம்

கரும்பலகையில் அதை வரைந்தேன். கூம்பு மாதிரி இல்லை; தரையில் கவிழ்த்துப் போட்ட கேடயம் மாதிரி. எரிமலைக் குழம்பு நீர்க்க இருப்பதால் இறுகுவதற்குள் வெகுதூரம் ஓடிவிடும். அதன்மேல் அடுத்தது. கடலடியில் தொடங்கி, லட்சக்கணக்கான வருஷம் இப்படியே படிந்து படிந்து மேலே வந்த மலை. இன்றும் அடிக்கடி பிளந்து வழிகிறது என்று இரண்டு கையையும் விரித்துச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் ஜன்னல் வழியே மலைக்கோட்டையைப் பார்த்தான்.

"இதுக்கு நம்ம மலையே பரவாயில்லை சார்!"

களிமண் மலை

பள்ளிக் கண்காட்சிக்கு அதே மலையைக் களிமண்ணில் செய்து, குங்குமக் கரைசலைக் கடல்வரை ஓடவிட்டேன். திருவெள்ளறையிலிருந்து மகனைப் பார்க்க வந்த விவசாயி ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "எரிஞ்ச இடத்துல ஏதாச்சும் முளைக்குமாங்க?" என்று கேட்டார். முதலில் பாசி, அப்புறம் பெரணிச் செடி, பல தலைமுறை கழித்துக் காடு என்றேன். பழைய குழம்பு பொடிந்த மண்ணில் கரும்பே விளைகிறது, அதை வெட்டத்தான் அந்தக் காலத்தில் நம் ஜனங்கள் கப்பலேறிப் போனார்கள் என்றும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"அப்ப நம்மாளுங்க பாத்திருக்காங்க. நீங்கதான் பாக்கலை, இல்லீங்களா?"

சமுத்திரம்

பக்கத்துத் தீவான மொரீஷியஸில் வேலைக்கு வாத்தியார் கேட்டார்கள். தலைமை ஆசிரியர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் கோயில் கைங்கர்யம் எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரை. நான் ஒரே பிள்ளை. அப்பா கோபிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சமுத்திரம் தாண்டினவன் பெருமாள் சந்நிதியில நிக்கப்படாது. எனக்கப்புறம் யாருடா?"

திரும்பி வந்தவர்

என் இடத்தில் எங்கள் தமிழ் வாத்தியார் போனார். சில வருஷம் கழித்து லீவில் வந்தவரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். அவர் வந்த கப்பல் சரக்கு ஏற்ற ரீயூனியனுக்கும் போய், உலைச் சிகரத்தின் கரையோரமாகவே வந்ததாம். அன்றைக்கு மலை பிளந்து, சிவப்புக் குழம்பு கடலில் விழுந்து ஆவி எழும்பியதாம். எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடினார்களாம். ஸ்ரீரங்கம் பஸ் புறப்பட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். எப்படி இருந்தது, எப்படி ஓடியது, சொல்லுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் வந்து சொன்னாங்க சார். நான் சாப்பிட்ட அசதியில தூங்கிட்டேங்க."

பார்க்கத் தவித்தவனைக் காவிரிக்கரையில் நிறுத்திவிட்டு, தூங்குகிறவரை எரிமலைக்கு எதிரில் பெருமாள் கொண்டுபோய்ப் படுக்கவைத்ததுதான், இத்தனை வருஷம் பூகோளம் நடத்தியும் எனக்குப் புரியாத பாடம்.