வண்டிப் படம் போட்ட பாடம்

அரிசியைச் சட்டியில் போட்டுக் கருகக் கருக வறுத்தால் எழும் புகைக்கு ஒரு கசப்பு உண்டு. தொண்டையில் இறங்கி அங்கேயே நிற்கும். எங்கள் உம்மா மை காய்ச்சும் நாட்களில் வீடு முழுக்க அந்த வாசம்தான். கருகிய அரிசியை அம்மியில் அரைத்து, தண்ணீர் விட்டு, சீலைத்துண்டில் வடித்து ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி வைப்பார். ஓதப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பலகையில் எழுதுவதற்காக ஐம்பதுகளில் எங்கள் ஊரில் பல வீடுகளில் அந்த மை இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அது ஒரு வருடம் முழுக்க வேறொரு வேலைக்கும் ஆனது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இத்தனை வயதுக்குப் பிறகும் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்லாமலே கண்ணை மூடி மௌத்தாகப் பயமாக இருக்கிறது.

சாய்ந்தமருதில், கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வாப்பா கரைவலையில் பங்குக்காரர். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்: நானும், என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் இரண்டு வயது இளைய தங்கச்சி ஜமீலாவும். எழுத்துப் படிக்கும் அரிவரி வகுப்பில் நான் சேர்ந்த சில நாட்களிலேயே எனக்குச் "சின்னமுத்து" அம்மை போட்டது. அது இறங்கியதும் வயிற்றோட்டம் பிடித்தது. மூன்று மாதம் வேப்பிலைப் படுக்கையிலும் கஞ்சியிலும் கிடந்து எழும்பிப் பள்ளிக்கூடம் போனபோது, மற்றப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிச் சொற்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதல் நாலைந்து எழுத்துகள் தெரியும். அதற்குப் பிறகு எல்லாமே ஒரே மாதிரிச் சுழியாகத் தெரிந்தன. அறுபது பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார். கேட்டால் சிரிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. வகுப்பு கூட்டமாகச் சத்தம் போட்டு வாசிக்கும்போது நானும் வாயைத் திறந்தேன். காதால் கேட்டதை மனப்பாடமாக வைத்துக்கொண்டே இரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது என்னைத் தவிர அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் தை மாதத்தில்தான் ஜமீலாவையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்று உம்மா பேச்செடுத்தார். எங்கள் பகுதியில் பெண் பிள்ளைகள் ஓதப்பள்ளிக்கு மட்டும் போய்க் குர்ஆனை முடித்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவதுதான் அன்றைக்குப் பெரும்பாலும் வழக்கம். உம்மாவும் அப்படி வளர்ந்தவர்தான். குர்ஆனை அழகாக ஓதுவார். அரபு எழுத்தில் தமிழை எழுதுவார், வாசிப்பார். "அரபுத் தமிழ்" என்று அதைச் சொல்வோம். ஆனால் தமிழ் எழுத்தில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

"இவன் முதல்ல ஒழுங்கா வாசிச்சுப் படிக்கட்டும். புறகு பாப்பம்" என்றார் வாப்பா.

"நான் ஊட்ட வச்சுப் பாடம் கேக்கிறன்" என்றார் உம்மா.

"எழுத்துத் தெரியாத நீ, எழுத்துப் படிக்கிற புள்ளைக்குப் பாடம் கேக்கப் போறியா? நல்ல கத!"

"எழுத்துத் தெரியாட்டி என்ன, காது இரிக்கிதானே. அவன் வாசிக்கட்டும். கேக்கிறத என்ட எழுத்தில எழுதி வச்சு, அடுத்த நாள் அதப் பாத்து அவனக் கேப்பன். ஒரு சொல் பிழைச்சாலும் புடிச்சிருவன்."

வாப்பா சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்போடு ஒரு வாக்கும் கொடுத்தார். "சரி. வருசம் முடியிறதுக்குள்ள இவன் புத்தகத்தப் புடிச்சு வாசிச்சுக் காட்டட்டும். காட்டினா, வாற தைக்கு உன்ட மகளையும் விடுறன். இல்லாட்டி அவளுக்கு ஓதினதே காணும், பள்ளிக்கூடம் வேணாம்."

இப்படித்தான் என் தங்கச்சியின் படிப்பு என் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுத கையோடு உம்மா பாய் விரிப்பார். அரபு எழுத்தை எழுதுவதால், தொழுகைக்குப்போலக் கைகால் கழுவி ஒழுவோடுதான் இருப்பார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மைப்போத்தலையும் நாணல் பேனாவையும் ஒரு கொப்பியையும் முன்னால் வைத்து, "ம், வாசி மகன்" என்பார். வகுப்பில் கூட்டமாக வாசித்து மனதில் நின்ற பாடங்களை முதலில் ஒப்புவித்தேன். அவை இரண்டு கிழமையில் தீர்ந்துபோயின. அடுத்த பாடத்தில் ஒரு மாட்டு வண்டியின் படம் இருந்தது. உம்மா பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். ஜமீலா என் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னேன்: "ஒரு வண்டிக்காரர் சம்மாந்துறைக்கு நெல் ஏற்றப் போனார். வழியில் மாடு படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் மாட்டை அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டார்."

உம்மா நாணல் பேனாவை நிறுத்தினார்.

"நம்மட சம்மாந்துறையும் புத்தகத்தில இரிக்கா!" என்றார். முகம் முழுக்க மலர்ச்சி. "அடிக்கல்லியாம், பாத்தியா புள்ள. எவ்வளவு நல்ல மனுசன்." அடுத்த வீட்டுச் சாச்சியைக் கூப்பிட்டு வேலிக்கு மேலால் அந்தப் பாடத்தை வாசித்தும் காட்டினார். சாச்சியும் "இந்தக் காலத்துப் புத்தகத்தில நல்ல விசயமெல்லாம் இரிக்கிகா" என்று வியந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு அது பழகிவிட்டது. படத்தைப் பார்ப்பேன், பாடத்தைச் சொல்வேன். படமில்லாத பக்கங்களில் குணம், சுத்தம், பெரியோரை மதித்தல் என்று பள்ளிவாசலில் கேட்ட பயான் உபதேசத்தைக் கலந்து விடுவேன். அடுத்த நாள் உம்மா கொப்பியை வலமிருந்து இடமாக விரலால் தொட்டுக்கொண்டு கேட்பார்: "மாடு எழும்பினது எப்ப?" என் பொய்யை நானே மனப்பாடம் செய்து வைத்திருக்கவேண்டும். செய்தேன். எழுத்துப் படிக்க எடுக்கும் பாட்டைவிட அது பெரிய பாடு என்பது இப்போது விளங்குகிறது. ஒரு பிழையும் விடாமல் நான் திருப்பிச் சொல்லும்போது உம்மா ஜமீலாவின் தலையைத் தடவி, "உன்ட காக்கா உன்னப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார்" என்பார். அவள் எனக்கு விசிறுவாள், தண்ணீர் கொண்டுவருவாள், "காக்கா, இன்னம் ஒரு பாடம் வாசி" என்பாள்.

ஒரு நாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். முதன்முதலாக முழு நோன்பு பிடித்திருந்த நாள் அது. நோன்போடு பொய் சொல்லக்கூடாது என்று ஓதப்பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உம்மா" என்றேன். "களைச்சுப் போனியா மகன்? இண்டைக்குப் பாடம் வேணாம், படு" என்று என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் படுத்துவிட்டேன். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் வருடம் முடிய இன்னும் ஏழெட்டு மாதம் கிடந்தது.

மார்கழி வந்தது. வாடைக்காற்றில் கடல் குமுறியது, வலை கரையில் கிடந்தது, வாப்பா வீட்டில் இருந்தார். தூறலோடு தூறலாக எங்கள் வாத்தியார் குடையைச் சுருக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். காரைதீவு மனிதர், நல்லவர். புதுவருடத்துக்குப் பிள்ளைகளின் பெயர் எழுத வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

"அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளை ஒண்டு இருக்கெண்டு கேள்விப்பட்டன்."

"இரிக்கி ஐயா. பொட்டப் புள்ள" என்றார் வாப்பா.

"பொட்டைப் பிள்ளைக்கெண்டா வகுப்பில, வாங்கில இருக்க இடமில்லையா தம்பி?" என்று சிரித்தபடி வாத்தியார் கொப்பியை விரித்தார்.

"அதுக்கொரு பேச்சிரிக்கி ஐயா. இவன் எப்படி வாசிக்கிறான்?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். "குரல் நல்லா எழும்பும். எல்லாரோடயும் சேர்ந்து சொல்லுவான்..." என்று இழுத்தார். அதற்குள் கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து உம்மாவின் குரல் வந்தது. "வாசிப்பான் ஐயா. இந்த வருசம் படிச்ச எல்லாப் பாடத்தையும் நான் எழுதி வச்சிரிக்கன். நீங்க புத்தகத்தப் பாருங்க, நான் சொல்லுறன்."

அந்நிய ஆண் ஒருவரோடு உம்மா அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஜமீலா என் வாசிப்புப் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் வாத்தியாரிடம் கொடுத்தாள். உம்மா சீலைக்குப் பின்னால் நின்று, ஓதுவது போன்ற நிதானத்தோடு, வண்டிக்காரரின் பாடத்தை வாசிக்கத் தொடங்கினார். வாத்தியாரின் விரல் வரியில் இருந்தது. கொஞ்சத்தில் விரல் நின்றது. பக்கத்தைத் திருப்பினார், மறுபடி பழைய பக்கத்துக்கு வந்தார்.

"அம்மா, நீங்க எந்தப் பாடம் சொல்லுறீங்க?"

"வண்டிப் படம் போட்ட பாடம் ஐயா."

"வண்டிப் படம் இதுதான். ஆனா நீங்க சொல்லுறது இதில இல்லையே."

"இல்லாம இரிக்காது ஐயா. அவன் வாசிக்க வாசிக்கத்தான் நான் எழுதினது. வடிவாப் பாருங்க."

அந்த "வடிவாப் பாருங்க" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வாத்தியார் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "தம்பி, முதல் வரியை மட்டும் வாசி" என்றார். "ஒரு" என்றேன், கதைகள் அப்படித்தான் தொடங்கும் என்பதால். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த வரி அப்படித் தொடங்கவில்லை.

வாப்பா அடிக்கவில்லை. சிரித்தார். "ஒரு வருசமாப் பாடம் கேட்டியே, நல்லாக் கேட்டாய்" என்றார் சீலையைப் பார்த்து.

"பெடியன் சின்னமுத்து வருத்தமாக் கிடந்தவன் தம்பி. அதைக் கவனிக்காதது எங்கட பிழையும்தான்" என்றார் வாத்தியார். "பிள்ளைட பேரை எழுதுவம்."

"குறை நினைக்காதீங்க ஐயா. இவன் ஆம்புளப் புள்ள, அதே வகுப்பில இன்னொரு வருசம் இரிக்கட்டும். இவளுக்கு ஊட்ட பாடம் கேக்கிறதுக்கு ஆரு இரிக்கா? உம்மா கேட்ட லெச்சணம் காணும்."

வாத்தியார் கொப்பியை மூடி, பென்சிலைச் சட்டைப் பையில் போட்டார். ஜமீலா அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்ட பேர எழுதல்லியா?" என்று கேட்டாள்.

அன்று உம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எல்லாப் பாடமுமா மகன்?" பெரும்பாலும் எல்லாம்தான் என்றேன். அரபு எழுத்து எழுதிய தாளை எறியவோ மிதிக்கவோ கூடாது என்பதால், அந்தக் கொப்பியை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, பின்வளவில் கால் படாத வேலியோரத்தில் உம்மாவே குழி தோண்டி அடக்கினார். மழை ஈரத்தில் மண் லேசாக வெட்டுப்பட்டது. குர்ஆனை எழுதும் எழுத்தால் என் பொய்யை ஒரு வருடம் எழுதவைத்தேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் இஸ்திஃபார் சொல்லிப் பாவமன்னிப்புத் தேடிக்கொள்கிறேன். அந்தப் பாடங்களைத் தானும் படித்ததாக உம்மா நம்பியிருந்தார் என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவர் என் பக்கத்தில் பாய் விரிக்கவில்லை.

அடுத்த வருடம் வாத்தியார் என்னைத் தன் கதிரைக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நாலு மாதத்தில் வாசித்தேன். அவ்வளவுதான் வேலை, நாலு மாதம். உம்மா இன்னொரு தடவை வாப்பாவிடம் கேட்டுப் பார்த்தார். "இனி அவள் அரிவரியில போய் இருந்தா ஊரே சிரிக்கும்" என்று வாப்பா முடித்துவிட்டார். நான் எட்டாம் வகுப்பு வரை படித்து ஒரு நெல் மில்லில் வேலைக்குப் போனேன். ஜமீலா குர்ஆன் முடித்தாள், பாய் இழைத்தாள், பதினாறு வயதில் கலியாணம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலிருந்து புருஷனின் மரணப் பத்திரம் வரைக்கும் எல்லாவற்றிலும் பெருவிரலைத்தான் பதித்தாள்.

ஹஜ்ஜுக்குப் போகுமுன் ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். அவளிடமும், "தெரிஞ்சும் தெரியாமலும் செய்த பிழைகளப் பொறுத்துக்க புள்ள" என்றேன். "பொறுத்திட்டன் காக்கா, போய்ட்டு வாங்க" என்றாள். எதைப் பொறுக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர் பொறுக்காமல் அல்லாஹ்வும் பொறுக்கமாட்டான் என்று தெரிந்த நான், அந்தப் பொதுவான வார்த்தையை வாங்கிக்கொண்டு மக்காவுக்குப் போய்வந்தேன்.

இப்போது எங்கள் தெருவில் அந்தி நேரத்தில் வீட்டுக்கு வீடு தாய்மார் பிள்ளைகளோடு புத்தகத்தை விரித்து இருக்கிறார்கள், பேத்திமார் உம்மம்மாமாருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். அரபுத் தமிழை வாசிக்கிறவர் என்று காட்ட எங்கள் ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. போன மாதம் ஜமீலாவின் வீட்டுக்குப் போய், ஐந்தாறு வயதில் அவளுக்கு விளங்காமல் போனது முழுவதையும், நோன்பு நாளன்று வாய்வரை வந்து போனதையும்கூட, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்த வண்டிப் பாடத்தில உள்ளுக்க என்னதான் எழுதியிரிந்திச்சு?"

எனக்குத் தெரியாது. நான் வாசிக்கப் பழகிய வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதுப் புத்தகம் வந்துவிட்டது. என்னிடம் இருந்த பழையதைப் பள்ளிக்கூடத்தில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், பிறகு அதை எங்கும் காணவில்லை. அதைத்தான் சொன்னேன்.

அவள் வெற்றிலையை மடித்தாள். "அதயாவது பாத்து வச்சிரிக்கலாமே காக்கா" என்றாள். பொறுத்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்காமல் எழும்பி வந்துவிட்டேன்.