நீல ஹெல்மெட்

எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் எனக்கு வந்த செமினார் தலைப்பு, செல்லுக்குள் சவ்வுப் பைகளின் போக்குவரத்து எப்படிப் பரிணமித்தது என்பது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படிப்பேன். பாக்டீரியா பெரும்பாலும் ஒற்றை அறை வீடு. நம் செல்லுக்குள்ளோ பல அறைகள். ஓர் அறையின் சவ்வு புடைத்து, குட்டிப் பையாகக் கழன்று, சரக்கோடு அடுத்த அறைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பையின் மேலிருக்கும் அடையாளப் புரதம் பொருந்தினால்தான் அந்த அறை சேர்த்துக்கொள்ளும். ஆதியில் இருந்த சில புரதங்களின் மரபணுக்கள் பிரதியாகி, பிரதிகள் மெல்ல மாறி, புதுப் புது அறைகள் உண்டாயின என்கிறார்கள். அதற்கு எவரும் திட்டம் போடவில்லை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேலை செய்த இரும்பு ஆலையில் ஆட்களைத் திட்டம் போட்டுத்தான் பிரித்திருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு நீல ஹெல்மெட், நைனா போன்ற காண்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள். வேலை ஒன்றேதான், கேட், கேன்டீன், கக்கூஸ் எல்லாம் வேறு. முதலுதவி அறை நீலத்துக்கு மட்டும். மஞ்சளுக்கு அடிபட்டால் பின் கேட்டில் உட்கார்ந்து காண்ட்ராக்டரின் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் இரும்பின் துரு நீக்கும் தொட்டியிலிருந்து ஆசிட் தெறித்து நைனாவின் முன்கை வெந்துபோனது. பக்கத்தில் நின்ற நிரந்தர ஆள் தன் நீல ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் மாட்டி அனுப்பிவிட்டார். முதலுதவி அறையின் கதவு திறந்தது. கழுவி, மருந்து போட்டு, கம்பெனி வண்டியிலேயே பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கை பிழைத்தது.

மறுநாள் காண்ட்ராக்டர் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆசிட் ஏன் தெறித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹெல்மெட் யாருடையது என்று மட்டும் துருவித் துருவி விசாரித்தார்கள். கொடுத்தவருக்கு ஓர் எச்சரிக்கையோடு சரி.

செமினாருக்கு முந்தின நாள் வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நைனா கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பான ரூமுக்குப் போய்ட்டா இன்னா பண்ணும்?"

தன் அறையை விட்டு வழிதவறி வந்த புரதத்தை அடுத்த அறை கண்டுபிடித்து, இன்னொரு பையில் ஏற்றித் திருப்பி அனுப்பும் என்று சொன்னேன்.

"பழைய எடத்துக்கேவா?"

"ஆமா நைனா. அதே வேலைக்கு."

நைனா கட்டின் அவிழ்ந்த நுனியை உள்ளே செருகிக்கொண்டார். சிரிக்கவில்லை.

"அங்க ஆள் எடுத்தா சொல்லும்மா."