தையில் வந்த மழை

மயிலாத்தாள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவாள் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். அவிநாசிக்கு வடக்கே, தார் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி, அவளுக்கும் அவள் புருஷன் குமாரசாமிக்கும் இரண்டு ஏக்கர் காடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தேழு வருஷம் அந்த மண்ணில் இருவரும் சின்ன வெங்காயம்தான் போட்டார்கள். வைகாசியில் ஒரு போகம், ஐப்பசிக் கடைசியில் ஒரு போகம். ஒரே மகள் தேவிப்பிரியாவை வெங்காயத்திலேயே படிக்க வைத்து, வெங்காயத்திலேயே கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

எந்த மாதத்தில் வானம் என்ன செய்யும் என்று மயிலாத்தாளுக்குக் கைவிரல் மாதிரித் தெரியும். வைகாசி பாதியில் மேற்கே இருந்து காற்று கிளம்பிவிடும். அந்தக் குளிர்ச்சியில் நட்ட வெங்காயம் நாலாம் நாளே முளை காட்டும். பொங்கல் கழிந்தால் வானம் துடைத்து வைத்த வட்டில் மாதிரி ஆகிவிடும். பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு காட்டிலேயே நாலைந்து நாள் காயப்போட்டுவிட்டு, எந்தக் கவலையும் இல்லாமல் கோயிலுக்குப் போய்வரலாம்.

வானத்தின் அந்த ஒழுங்கு ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. ஒரு வருஷம் வைகாசிக் காற்று ஆனி கடைசியில் வந்தது. இன்னொரு வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பெய்ய வேண்டியது மூன்றே நாளில் கொட்டித் தீர்த்தது. தாளெல்லாம் பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்டது. திருகல் நோய் என்று மருந்துக்கடைக்காரர் பெயர் சொன்னார். அவர் கொடுத்த மருந்தை அடித்தார்கள். அதற்குள் வெங்காயம் அடியில் குழகுழத்துவிட்டது. அதற்கடுத்த வருஷம் மழையே இல்லை. போர்க்குழாயில் நாற்பது நிமிஷம் தண்ணீர் வரும், பிறகு வெறும் காற்று வரும். இரண்டு ஏக்கரில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அரை ஏக்கருக்குச் சுருங்கினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரையில் குமாரசாமி விழுந்தார். வைகாசி நடவுக்கு வாய்க்கால் சரி செய்யப் போனவர் பதினோரு மணியாகியும் கஞ்சி குடிக்க வரவில்லை. மயிலாத்தாள் போய்ப் பார்த்தபோது மண்வெட்டியின் மேலேயே குப்புறக் கிடந்தார். உடம்பு தோசைக்கல்லாகச் சுட்டது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். சிறுநீரகம் பாதி அடிவாங்கிவிட்டது, இனி வெயிலில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“காலங்காத்தால ஒரு மணி நேரம் நின்னா ஆகாதுங்களா?” என்று கேட்டார் குமாரசாமி.

“ஆறரை மணிக்கு முன்னால நில்லுங்க. வெயில் வந்தா ஊட்டுக்குள்ள போயிருங்க” என்றார் டாக்டர்.

ஆனால் பம்பு செட்டுக்கு மும்முனை மின்சாரம் அவர்கள் பக்கம் காலை பத்து மணிக்குத்தான் வரும். குமாரசாமி வீட்டுக்குள்ளிருந்தே மோட்டாரைப் போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் எந்தப் பாத்தியில் உடைத்துக்கொண்டு ஓடுகிறது என்று அங்கிருந்தே தெரியும். போய் மடை திருப்பத்தான் முடியாது.

அந்த ஆடியில் மயிலாத்தாள் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனாள். தைத்து வரும் குழந்தைச் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் முக்கில் வந்து ஹாரன் அடிக்கும், இரவு எட்டு மணிக்குக் கொண்டுவந்து விடும். வாசலில் செல்போனை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். உள்ளே ஜன்னல்கள் எல்லாம் உயரத்தில் இருந்தன. குழல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வெளியே காலையா மாலையா, வெயிலா மப்பா என்று தெரியாது. முதல் ஒரு மாதம் அவளுக்கு அதுதான் மூச்சு முட்டியது.

காட்டை விற்றுவிடலாம் என்று தேவிப்பிரியா சொன்னாள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் காட்டுக்கு வரும் மண் தடத்தின் அகலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். லாரி நுழையாத இடத்தில் குடோன் கட்ட முடியாது, வீட்டு மனை போட முடியாது. தண்ணீர் இல்லாத இடத்தை விவசாயம் பண்ணவும் ஒருவரும் வாங்குவதில்லை. சும்மா போட்டால் சீமைக்கருவேலம் ஏறிவிடும். ஆகவே அரை ஏக்கர் வெங்காயம் தொடர்ந்தது. அது ஞாயிற்றுக்கிழமை விவசாயம்.

இந்த வருஷம் ஐப்பசி நடவு நன்றாக வந்திருந்தது. பிடுங்கத்தான் ஆள் இல்லை. முன்பு வெங்காயம் பிடுங்க வந்த பெண்கள் எல்லோரும் இப்போது அதே வேனில்தான் கம்பெனிக்குப் போகிறார்கள். பொங்கலுக்குக் கம்பெனி மூடுகிற நாட்களில்தான் அவர்கள் கை காலியாக இருக்கும். அப்படியே லீவின் கடைசி இரண்டு நாளில் பத்துப் பேரைப் பிடித்து மயிலாத்தாள் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள். சிவப்பு மாறாமல், கெட்டியாக, வரிசை வரிசையாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து தாள் அறுப்பதாக அவர்களே சொன்னார்கள். அதற்குப் பிறகு மூங்கில் தப்பையும் தென்னந்தடுக்கும் கட்டிய பட்டறையில் அடுக்கிவிட்டால் மூன்று மாதம் ஆனாலும் ஒன்றும் ஆகாது.

வெள்ளிக்கிழமை காலை வேன் ஏறும்போது கிழக்கே கொஞ்சம் மப்பு இருந்தது. பார்த்தாள். தை மாத மப்பு, பனி கலைகிற மாதிரிக் கலைந்துவிடும் என்று ஏறி உட்கார்ந்தாள்.

மூன்று மணி டீ நேரம். பக்கத்து மேஜையில் மடிப்பு வேலை செய்யும் ஒடிசாக்காரப் பெண் வெளியே போய்விட்டு வந்தாள். அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மயிலாத்தாள் அவளையே பார்த்தாள்.

“என்ன கண்ணு, தலை நனைஞ்சிருக்குது?”

“மழை அக்கா. பெரிசு, பெரிசு” என்று அந்தப் பெண் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

மயிலாத்தாள் டீயைக் கீழே வைத்துவிட்டு லைன் சூப்பர்வைசர் சரவணக்குமாரிடம் போனாள். முப்பத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. அவன் அப்பாவும் குன்னத்தூர்ப் பக்கம் வெங்காயம் போட்டவர்தான்.

“தம்பி, வெங்காயம் காட்டுல கெடக்குது. நான் போகோணும்.”

“அக்கா, ஏழு மணிக்குக் கன்டெய்னர் கெளம்புதுங்க. எட்டு பேரு பண்ற வேலையை ஆறு பேரு பண்ணிட்டிருக்கீங்க. நீங்களும் எந்திரிச்சா எப்படிங்க?”

“ஊட்டுல அவரு ஒருத்தருதான் இருக்காருங்க. அவரால ஆகாது.”

“தெரியுமுங்க்கா. எனக்குத் தெரியாதுங்களா? ஆனா கேட் பாஸ்ல நான் கையெழுத்துப் போட்டா, மேல எனக்குப் பதில் சொல்ல வாயில்லீங்க” என்றான். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அவள் அப்படியே கேட்டுக்குப் போனாள். கேட்டில் இருந்த டேனியலுக்கு அறுபது வயதிருக்கும். பெட்டியைத் திறந்து அவள் போனைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வீட்டிலிருந்து ஒன்பது முறை அழைப்பு வந்திருந்தது. திருப்பி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தகரக் கூரை மேல் மழை இரைச்சலாகக் கொட்டியது. கேட்டுக்கு வெளியே ரோட்டில் தண்ணீர் சாயம் கலந்த மாதிரிச் செம்மண் நிறத்தில் ஓடிற்று.

“கேட்டைத் தொறந்து உடுங்கண்ணா.”

“அம்மிணி, பாஸ் இல்லாம உட்டா நாளைக்கு இந்தச் சேருல வேற ஆளு உக்காந்திருப்பானுங்க. எனக்கும் இத உட்டா வேற போக்கிடமில்லீங்க.” ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். “உக்காருங்க. சித்த நேரத்துல மழை உட்டாலும் உட்டுரும்.”

அவள் உட்காரவில்லை. கால் மணி நேரம் அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். போக முடியாது என்றால் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நூல் எங்கே, துணி எங்கே என்று கண்ணுக்குப் புலப்படவில்லை. ஒரு மஞ்சள் சட்டையின் தோளில் விரல்கடை அகலத்துக்குக் கத்தரி இறங்கிவிட்டது. அடுத்த சட்டையிலும் ஓட்டை விழுந்தது. சரவணக்குமார் வந்து இரண்டையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ரிஜக்ட் பெட்டியில் போட்டான். ஐந்து நிமிஷத்தில் ஒரு மஞ்சள் கேட் பாஸ் சீட்டோடு திரும்பி வந்தான்.

“போங்க்கா.”

அது இரக்கமா, இல்லை இனி இவள் கையால் துணிதான் வீணாகும் என்று கழித்துவிட்டானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மணி நாலே முக்கால் ஆகியிருந்தது.

டவுன் பஸ் பிடித்து அவிநாசியில் இறங்கி, ஆட்டோவில் ஊர் முக்குவரை போய், அதற்குமேல் தடத்தில் சக்கரம் புதையும் என்று ஆட்டோக்காரன் நிறுத்திவிட, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். மழை தூறலாகியிருந்தது. காட்டுக்குள் நுழையும்போது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

குமாரசாமி காட்டின் நடுவில், ஒரு நீலப் படுதாவின் மூலையில் உட்கார்ந்திருந்தார். காற்று அதைத் தூக்காமல் இருக்கத் தன் உடம்பையே பாரமாக வைத்திருந்தார். மழை ஆரம்பித்ததும் கூடையை எடுத்துக்கொண்டு வந்து, தனி ஆளாக வரிசைகளை வாரி ஏழெட்டுக் குவியலாகச் சேர்த்திருந்தார். இரண்டு படுதா, உரச்சாக்கு, அவளுடைய பழைய சேலைகள், கட்டில் விரிப்பு, கையில் கிடைத்தது எல்லாம் குவியல்கள் மேல் கிடந்தன. மிச்சப் பாதி வெங்காயம் சேற்றில் மிதந்தது.

“ஏனுங்க, போனை எடுக்கவே இல்லீங்களே, நான் என்னன்னு நெனைக்கறது?”

“கையி ரெண்டும் இங்கெ இருக்குது. போனை எதுல எடுக்கறது மயிலா?” என்றார். பல் தந்தியடித்தது. ஆனால் முகத்தில் ஏதோ ஒரு களை. “வெயிலே இல்ல, பாத்தியா? ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பட்டப்பகல்ல காட்டுல நின்னு வேலை பாத்தேன்.”

அதைக் கேட்டபோதுதான் மயிலாத்தாளுக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை. அவர் வேலை செய்யக் கிடைத்த ஒரே ஒரு பகல், வெள்ளாமையைக் கொண்டுபோக வந்த பகல்.

இருவருமாகச் சேற்றிலிருந்து இயன்றதை அள்ளி, கூடை கூடையாக வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் வெயிலே அடிக்கவில்லை. சித்திரையில் மனுஷனைச் சாய்த்த வெயில், நாலு நாள் வேண்டும் என்றபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படுத்த அறை, சமையலறை, சாமி படத்துக்கு முன்னால் என்று தரை முழுக்க வெங்காயத்தைப் பரப்பி இரண்டு மின்விசிறியையும் ஓடவிட்டார்கள். கால் வைக்க ஒரு அடி அகலத்தில் பாதை விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் வாடை மாறியது. ஐந்தாம் நாள் அந்த வாடை சோற்றிலும் துணியிலும் ஏறிவிட்டது. வியாபாரி வாசலில் நின்றபடியே ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினார். தண்ணீர் பீச்சியது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

குமாரசாமிக்கு ஒரு வாரம் காய்ச்சல். தேவிப்பிரியா வந்தவள் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

“போதுமுங்கம்மா. ரெண்டு பேரும் எங்கூடக் கெளம்புங்க.”

“அங்க வந்து உங்கப்பா என்ன கண்ணு பண்ணுவாரு?”

“சும்மா இருக்கட்டும். இத்தனை நாள் பாடுபட்டது பத்தாதுங்களா?”

“இங்க ஜன்னல்ல நின்னாக் காடாவது தெரியுது. அங்க எதுத்த ஊட்டுச் செவுருதான தெரியும்” என்று கட்டிலில் இருந்தபடி குமாரசாமி சொன்னார்.

மயிலாத்தாள் தரையிலிருந்த அழுகலைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். போனால் இங்கே இருப்பது போகும்; அங்கே அவளுக்கென்று ஒன்றும் இல்லை. இங்கேயே இருந்தாலும் இதே பாடுதான். மகள் அன்று மாலை பஸ் ஏறினாள். மயிலாத்தாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். அவளைப் பிசிறிலிருந்து மாற்றி, சட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற இடத்தில் போட்டிருந்தார்கள்.

முப்பது மூட்டை வரவேண்டிய இடத்தில் அழுகல் கழித்து ஆறு மூட்டை தேறியது. அதில் நல்லதாகப் பொறுக்கி நாலு மூட்டையை விதைக்கென்று பட்டறையில் ஏற்றினாள். விதை வெங்காயத்தை நினைத்த நேரத்துக்கு நிறுத்திவைக்க முடியாது. அது உயிருள்ள சாமான். வைகாசி வந்தால் மழை வந்தாலும் வராவிட்டாலும் தானாக முளை விட்டுவிடும். நட்டால் உண்டு, இல்லையென்றால் அதுவும் சருகு. வைகாசி இரண்டாம் வாரம் தடுக்கை விலக்கிப் பார்த்தபோது பச்சை மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன ரோசனை பண்ற?” என்றார் குமாரசாமி.

“காத்து இன்னும் வர்லீங்க. வெயிலு இந்தப் போடு போடுது. இப்ப நட்டா வெந்துரும்.”

“நடாம உட்டா?”

ஞாயிற்றுக்கிழமை நட்டார்கள். விடியுமுன்னே அவர் பாத்தி கட்டினார். ஆறரை மணிக்கு உள்ளே போனார். மீதியை அவளும் இரண்டு கூலிப் பெண்களும் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஊன்றினார்கள். முளை நாலு விரல் வளர்ந்ததும் நுனி கருகத் தொடங்கியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மிச்ச விதையை எடுத்துப் போய், செத்த இடங்களில் மறுபடி ஊன்றினாள். அன்று சாயங்காலம் மேற்கே பார்த்தாள்; காற்றுக்கு ஒரு அறிகுறியும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முக்கில் வேன் ஹாரன் அடித்தது. மோட்டார் போட வேண்டிய நேரத்தைக் குமாரசாமியிடம் இன்னொரு தரம் சொல்லிவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.