தூங்குகிறார் என்றால் போதாது

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் 'தொணதொண அக்கா' என்று பெயர். இருபத்திரண்டு வருடம் வார்டில் நர்ஸாக ஓடியாடி முழங்கால் தேய்ந்தபின், தரைத்தள மூலையில் ஒரு மேசையும் ஒரு போனும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். வீடு திரும்பிய நோயாளிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும் வேலை. காய்ச்சல் உண்டா, புண் ஆறுகிறதா, மாத்திரை போடுகிறாரா என்று மூன்று கேள்வி, மூன்று டிக். மத்தியானத்துக்குள் நாற்பது பேர். பக்கத்து மேசைக்காரி மணிக்குப் பதினைந்து பேரை முடித்துவிட்டுக் காபிக்குக் கிளம்பிவிடுவாள். அக்காவோ நோயாளியின் குரலைத் தன் காதால் கேட்காமல் பேனாவைத் தொடமாட்டாள்.

"வீட்டுல இருக்கிறவங்க 'நல்லா இருக்கார்'னு சொல்றது வந்தவங்களை வாசலோட அனுப்பத்தான். அதை வச்சு நான் என்ன பண்ண?" என்பாள்.

அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததல்ல. போன் மேசைக்கு வந்த புதிதில் ஒரு மகன் "அப்பா சூப்பரா இருக்கார்" என்றான். இவளும் டிக் போட்டாள். மறுநாள் காலை அந்த அப்பா உயிரோடு இல்லை.

ஒரு நாள் காலை பத்தே கால் மணிக்கு ஒரு பஸ் டிரைவர் வீட்டு நம்பரைப் போட்டாள். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆன, சர்க்கரை வியாதியும் உள்ள மனிதர். முதல் இரண்டு நாளும் அவரே எடுத்து, ஓடும் பஸ்ஸில் பேசுகிற மாதிரி கத்தினார். நேற்று அக்காவுக்கு விடுமுறை. இன்று மனைவி எடுத்தாள்.

"தூங்குறார் சிஸ்டர்."

"எழுப்புங்கம்மா, ரெண்டு வார்த்தை பேசட்டும்."

"ஐயோ, பாவம். இப்பதான் அசந்து தூங்குறார். ரெஸ்ட் எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"காலையில சாப்பிட்டாரா?"

"வாய் கசக்குதாம். நேத்தும் சரியா சாப்பிடலை. ஏழு மணிக்கு மாத்திரை மட்டும் போட்டுட்டுப் படுத்தவர்தான்."

"தொட்டுப் பாருங்க. உடம்பு எப்படி இருக்கு?"

"சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. புழுக்கம்னு ஃபேனைக் கூட்டி வச்சேன்."

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். சர்க்கரைக்காரர் பட்டினியாக மாத்திரை போட்டுவிட்டு வேர்த்துக் கிடந்தால், அது சர்க்கரை இறங்கிய மயக்கமாக இருக்கும், தூக்கம் என்று யார் சொன்னது?

"உலுக்கி எழுப்புங்க! அவர் திட்டினா என் பேரைச் சொல்லுங்க."

"ஏங்க... ஏங்க..." என்ற குரல் முதலில் கொஞ்சலாகக் கேட்டது, பிறகு அலறலாக மாறியது. "சிஸ்டர், முழிக்க மாட்டேங்குறாரே!"

அக்கா முகவரித் தாளைப் பக்கத்து மேசைக்குத் தள்ளி, ஆம்புலன்ஸ் என்று வாயசைத்தாள். பக்கத்து மேசைக்காரி காபியை அப்படியே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

"போனை வச்சிடாதீங்கம்மா. அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. சர்க்கரையைக் கெட்டியாக் குழைச்சு, விரலால கன்னத்துக்கு உள்பக்கம் தடவுங்க. தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிடும்."

பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அழுகை மட்டும்தான். பத்து நிமிஷம் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, "தடவிக்கிட்டே இருங்க" என்பதையே அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். எட்டாவது நிமிஷம் ஒரு முனகல். "கையை எடு..." என்றார் டிரைவர், குழறலாக.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?"

"நீங்க குடுத்த பச்சை அட்டையில ஒண்ணு. வீட்டுல இருந்த பழைய வெள்ளை அட்டையில ஒண்ணு. பழசு சர்க்கரைக்கு, புதுசு ஆபரேஷனுக்குத்தானே?"

அக்கா அட்டைகளில் உள்ள பெயரைப் படிக்கச் சொன்னாள். இரண்டும் ஒரே சர்க்கரை மருந்து. கம்பெனிதான் வேறு, பெயர்தான் வேறு. அக்கா அவருடைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்தாள். பழையதை நிறுத்தவும் என்று அதில் எங்கேயும் இல்லை. அடியில், வீட்டாருக்கு விளக்கியவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. அவளுடையதேதான். அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று வார்டில் ஆள் இல்லையென்று இவளை மேலே அழைத்திருந்தார்கள். அரை மணியில் மூன்று பேரை அனுப்பிய அவசரத்தில், வீட்டில் பழைய மாத்திரை இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

போனில் ஆம்புலன்ஸ் ஆட்களின் குரல் கேட்டது. எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை முப்பத்தெட்டு என்றார்கள். ஊசி போட்டார்கள். வண்டி கிளம்பியதும் மனைவி அதற்குள்ளிருந்தே மறுபடி பேசினாள்.

"என் கையாலேயே குடுத்துட்டேனே சிஸ்டர்... என் கையாலேயே..."

அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அம்மா ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொண்டு கிடப்பாள். அதை நினைத்ததும் அக்காவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"நீங்க பண்ணின தப்பு இல்லம்மா. பழசை நிறுத்தணும்னு நான்தான் சொல்லியிருக்கணும். அன்னைக்கு உங்களுக்கு விளக்கின நர்ஸ் நான்தான். சொல்லாம விட்டுட்டேன்."

திட்டட்டும், புகார் கொடுக்கட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே புரியலை சிஸ்டர்," என்றாள் அந்த அம்மா. "கேட்க வெட்கமா இருந்துச்சு, தலையாட்டிட்டேன். எல்லா அட்டையையும் பையில போட்டுக்கிட்டுதான் வண்டியில ஏறினேன். நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க. இந்தத் தடவை எனக்குப் புரியிற வரைக்கும் உங்களை விடமாட்டேன்."