பூஞ்சேரியில் மூன்று நிமிடம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றியது. ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த பிறகு. நான் அடிப்பக்கத்தைக் கழற்றினேன். அவர் டார்ச் பிடித்தார். பழைய பிரஷ் நாலு மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. புதியதைப் போட்டு, தேங்காய்ச் சில்லு நாலைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். ஓடியது.

கடைசி ஸ்குரூவை முறுக்கும்போது, "மகாபலிபுரம் போயி அந்தப் பொண்ண பாத்துட்டு வந்துரலாம். நீயும் வா" என்றார். எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. கம்பெனியில் ஆடிட், அடுத்த வாரம் போகலாம் என்றேன்.

வியாழக்கிழமை காலை இறந்துவிட்டார். கல்லூரிப் பேருந்தை வளாகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளைகள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, டிரைவர் சீட்டிலேயே. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. சாவி சட்டைப் பையில் இருந்தது. வயது ஐம்பத்தேழு.

பெயர் ஏசுதாஸ். பிறந்தது திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம். அவருடைய பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர் படிப்பு எட்டாவதோடு நின்றது. பத்து வருடம் கல்குவாரி டிப்பர் லாரி, பிறகு பதினேழு வருடம் கல்லூரிப் பேருந்து. மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் இருக்கும் சின்னக் கல்லூரி அது. ஆயிரம் பிள்ளைகள்கூடக் கிடையாது. அந்தச் சம்பளத்தில்தான் நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று எழுதுவது என் வேலை.

அந்தக் கல்லூரியில் பிள்ளைகளே நடத்தும் மாதப் பத்திரிகை ஒன்று உண்டு. பெயர் 'நாலு பக்கம்'. இருப்பதும் நாலு பக்கம்தான். செங்கல்பட்டில் அச்சாகும். பத்திரிகைக் கட்டை அச்சகத்திலிருந்து கல்லூரிக்கு ஏற்றிவருவது அப்பா. அதனால் முதல் வாசகரும் அவரே. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா காய் நறுக்கும்போது சத்தமாக வாசிப்பார். கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் எண்ணிக்கை குறைந்தது, பெண்கள் ஓய்வறைக் கதவுக்கு ஆறு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லாதது, நூலகத்தில் அகராதிகளுக்குக் கீழே குட்டி போட்ட நாய். இப்படித்தான் இருக்கும் செய்திகள். சரிபார்க்கவும் செய்வார். மின்விசிறி ஓடாதது பன்னிரண்டாம் அறையில் அல்ல, பதினாலில் என்பார். மறுநாள் வண்டியில் அதைச் சொல்லியும் விடுவார்.

சொல்வது அன்பரசியிடம். பத்திரிகையின் ஆசிரியர், மூன்றாம் ஆண்டு தமிழ் மாணவி. அவள் அப்பாவுக்கு மகாபலிபுரத்தில் கல் பட்டறை. டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை அவளுடையது. சென்னையில் இதழியல் படிக்கப் போவதாக என் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அதை அவர் எங்களிடம், வீட்டில் ஒருத்தருக்கு வேலை கிடைத்த மாதிரி சொன்னார்.

போன பிப்ரவரியில் அன்பரசி என் அப்பாவைப் பற்றி எழுதினாள். தலைப்பு, 'பூஞ்சேரியில் மூன்று நிமிடம்'. மீனவர் குப்பத்திலிருந்து வரும் முதலாண்டு மாணவி ஒருத்தி, அம்மா மீன்கூடையோடு கிளம்பிய பிறகுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறுவாள். பூஞ்சேரி கூட்டுரோட்டுக்கு அவள் வந்து சேர எட்டு மணி எட்டு நிமிடம் ஆகும். வண்டியின் நேரம் எட்டு ஐந்து. அப்பா நிற்பார். அதைத்தான் எழுதியிருந்தாள். ஐந்து நாள் கைக்கடிகாரத்தை வைத்து அளந்து, சராசரி போட்டிருந்தாள். அந்த ஐந்து நாளும் வண்டி முதல் மணிக்கு முன்பே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததையும் சேர்த்திருந்தாள். நான் அளந்திருந்தாலும் அப்படித்தான் அளந்திருப்பேன்.

அப்பா அந்தப் பக்கத்தை மடித்து, கண்ணாடிக்கு மேலே வெயில் மறைப்பில் செருகிவைத்தார். இரண்டு வாரத்தில் நிர்வாகத்திலிருந்து மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் ஒரு நபருக்காக வண்டியை நிறுத்தியது ஏன், மூன்று நாளில் பதில். கொண்டுவந்து கொடுத்தவர் போக்குவரத்துப் பொறுப்பாளர் ராமதாஸ், அப்பாவின் பழைய சிநேகிதர்.

"அண்ணாத்த, நீ நின்னது தப்பில்ல. நின்னத பேப்பர்ல போட்டுட்டாங்க பாரு, அதான் தப்பு" என்றாராம்.

அப்பாவின் வேலை வருடா வருடம் ஜூனில் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. எனக்குப் பயம். பதிலை நான்தான் டைப் அடித்தேன். 'வண்டி எந்த நிறுத்தத்திலும் கூடுதலாக நிற்பதில்லை. கட்டுரையில் உள்ளது மாணவியின் கற்பனை.' இரண்டே வரி. அப்பா இரண்டு முறை வாசித்தார்.

"அது பொய் எழுதலியேமா" என்றார்.

இது யார் கண்ணிலும் படாது, ஃபைலுக்குள் போய்விடும் என்றேன். அப்பா பேனாவைத் திறந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அது ஃபைலுக்குள் போகவில்லை. மார்ச் மாத 'நாலு பக்க'த்தில் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது. சென்ற இதழில் வெளியான செய்தி கற்பனை என்று ஓட்டுநரே எழுத்து மூலம் தெரிவித்துள்ளார், வருந்துகிறோம். ஆசிரியர் இடத்தில் வேறு பெயர். அந்தப் பத்திரிகைக் கட்டையும் செங்கல்பட்டிலிருந்து ஏற்றிவந்தவர் அப்பாதான். அன்றைக்கு வீட்டில் வாசிக்கவில்லை.

அன்பரசி கடைசி இருக்கைக்கு மாறிப்போனாள். ஏறும்போது சொல்லும் வணக்கம் நின்றது. வண்டிக்குள் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அப்பாவால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஜூன் முடியட்டும், பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். ஏப்ரலில் தேர்வு முடிந்து அவள் வண்டிக்கு வருவது நின்றது.

பூஞ்சேரியில் அப்பா அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஆனால் அந்தக் குப்பத்துப் பெண் ஒரு நாளும் வண்டியைத் தவறவிடவும் இல்லை. எப்படி என்று கேட்டேன். மகாபலிபுரத்திலிருந்து பூஞ்சேரி சுமார் மூன்று கிலோமீட்டர். நாற்பதில் போனால் நாலரை நிமிடம். இருபத்துநாலில் போனால் ஏழரை.

"நின்னாதானேமா தப்பு? வண்டி ஓடிக்கினுதானே கீது" என்றார். மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதே மாதம் அந்தக் குப்பத்துப் பெண் அப்பாவிடம் ஒரு தகவல் சொன்னாள். அன்பரசி சென்னைக்கு விண்ணப்பம் போடவில்லை. பட்டறையில் உட்கார்ந்து, வருகிற வெளியூர்க்காரர்களுக்குச் சின்னப் பிள்ளையார்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எழுதுவதைப் பற்றிக் கேட்டால், "நான் எழுதுனா கற்பனைன்றாங்க" என்கிறாளாம். அப்பா இதை எங்களிடம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். ஒப்பந்தம்தான் கிடைத்துவிட்டதே, இனி அவளிடம் பேசலாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

அடக்கத்துக்குக் கல்லூரியிலிருந்து இரண்டு பேருந்து நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். குப்பத்துப் பெண் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்பரசி வரவில்லை.

மூன்றாம் நாள் ராமதாஸ் அப்பாவின் பையைக் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸ், மூக்குக் கண்ணாடி, பிப்ரவரி மாத 'நாலு பக்கம்', ஒரு உறை. உறைக்குள் டிரிப் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து.

'அன்பரசிக்கு. நீ எழுதியது எல்லாம் உண்மை. வண்டி மூன்று நிமிடம் நின்றது. வேலை போய்விடும் என்று பயந்து பொய் எழுதிக் கொடுத்தது நான். இதை நீ எந்தப் பத்திரிகையிலும் போடலாம். நீ எழுதுவதை நிறுத்தாதே. இப்படிக்கு, ஏசுதாஸ், டிரைவர்.'

அதில் ஒரு வரி தவறு. எழுதியது அவர் இல்லை, பயந்ததும் அவர் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அவர் எழுத்தின் மேல் கை வைக்க முடியவில்லை. மகாபலிபுரத்துக்கு என்னையும் கூப்பிட்டது எதற்கு என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த வரியை அவள் முன்னால் நானே திருத்தட்டும் என்றா, பக்கத்தில் ஒரு துணைக்கா, தெரியவில்லை. இனிக் கேட்க முடியாது.

உறையின் மேல் எழுதியிருப்பது: அன்பரசி, கல் பட்டறை, ஐந்து ரதம் போகும் ரோடு, மகாபலிபுரம். தபால்தலை ஒட்டவில்லை. நேரில் கொடுப்பதாக இருந்தார்.